இரண்டாம் பாகத்தில் முதலில் இருக்க வேண்டியது எது?

2017-ம் ஆண்டு ஜனவரி 31-ம் தேதி அமெரிக்காவில் இரண்டு ஆன்லைன் விளையாட்டுகளின் சர்வர்கள் ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. ஒன்று 1999-ல் வந்த 'ஆஷரன்ஸ் கால்'. இன்னொன்று 2002-ல் வந்த அதன் இரண்டாம் பாகம், 'ஆஷரன்ஸ் கால் 2'. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் பாகத்துக்கு அது இரண்டாவது மரணம்! 2005 டிசம்பர் 30-ம் தேதியே ஒரு முறை அதை மூடிவிட்டார்கள். ஏழு வருடம் கழித்து, 2012 டிசம்பரில் மறுபடி திறந்து, முதல் பாகத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள் இதையும் ஆடிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அண்ணன் வீட்டுத் திண்ணையில் வந்து ஒட்டிக்கொண்ட தம்பி மாதிரி.

கிராபிக்ஸ் சுமார், வசதிகள் பழசு என்று சொல்லப்பட்ட முதல் பாகம் 17 வருடம் இடைவெளி இல்லாமல் ஓடியது. எல்லாவற்றிலும் புதிதாக வந்த இரண்டாம் பாகம் மூன்றே வருடத்தில் படுத்துவிட்டது. ஏன்?

ஒரு நல்ல ஆன்லைன் கேமுக்கு இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று காதில் விழுந்தாலே எல்லோரும் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். பெரிய மேப் வேண்டும், புது ஆயுதம் வேண்டும், கிராபிக்ஸ் அசத்த வேண்டும், இப்படி. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இந்தப் பட்டியலில் இருக்கும் எதுவும் ஒரு இரண்டாம் பாகத்தைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. அப்படியானால் காப்பாற்றியது எது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சினிமா வேறு, இது வேறு

ஒரு சினிமாவுக்கு இரண்டாம் பாகம் எடுத்தால் முதல் பாகத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. இரண்டாவது பிடிக்கவில்லையா, முதல் படத்தை மறுபடி போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நாவலும் அப்படித்தான். ஆன்லைன் விளையாட்டு அப்படி இல்லை. அது கம்பெனியின் சர்வரில்தான் உயிரோடு இருக்கிறது. கடையில் வாங்கிய சிடி நம் மேஜையில் இருந்தாலும், சர்வரை நிறுத்திவிட்டால் அந்த உலகம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த உலகத்தில் பாதியைத்தான் கம்பெனி செய்கிறது. மீதிப் பாதியைச் செய்வது ஆடுகிறவர்கள். இதற்கு நல்ல உதாரணம் 'அல்டிமா ஆன்லைன்'.

அல்டிமா ஆன்லைன்: பிறக்காமலே போன இரண்டு தம்பிகள்

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இருந்த ஒரிஜின் கம்பெனி 1997 செப்டம்பரில் அல்டிமா ஆன்லைனை வெளியிட்டது. மாதச் சந்தா சுமார் 10 டாலர். அந்த உலகத்தில் புல், புல்லைத் தின்னும் மிருகம், அந்த மிருகத்தைத் தின்னும் மிருகம் என்று ஒரு முழு உணவுச் சங்கிலியையே புரோகிராம் செய்து வைத்திருந்தார்கள். மிருகங்கள் குறைந்தால் ஓநாய்கள் ஊர்ப்பக்கம் வரும் என்பது திட்டம். ஆட்டக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள், கண்ணில் பட்ட மிருகத்தையெல்லாம் வேட்டையாடித் தீர்த்தார்கள். சங்கிலி அறுந்தது. அந்த அருமையான ஏற்பாட்டை யாரும் கவனிக்கவே இல்லை!

அதே வருடம் ஆகஸ்டில், வெளியீட்டுக்கு முந்தைய சோதனை ஓட்டத்தில், விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் 'லார்ட் பிரிட்டிஷ்' என்ற அரசராக மக்கள் முன் தோன்றினார். அரசரை யாரும் கொல்ல முடியாதபடி ஒரு பாதுகாப்பு உண்டு. சர்வரை மறுபடி துவக்கியபோது அதைப் போட மறந்துவிட்டார்கள். கூட்டத்தில் இருந்த ஒருவர் ஒரு நெருப்பு மந்திரத்தை எடுத்து வீச, அரசர் செத்து விழுந்தார். இன்றும் ஆன்லைன் விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் சம்பவம் இது. இதை எந்த டிசைனரும் திட்டமிடவில்லை.

வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள், கொள்ளையும் அடித்தார்கள். 2003 வாக்கில் சந்தாதாரர் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தொட்டது.

இதற்கு இரண்டாம் பாகம் வந்ததா? வரவில்லை. 1999-ல் அறிவித்த 'அல்டிமா ஆன்லைன் 2'-ஐ 2001 மார்ச்சில் கைவிட்டார்கள். ஒரிஜினின் முதலாளியான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சொன்ன காரணம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் முதல் விளையாட்டில் கவனம் செலுத்தப் போகிறோம் என்பது. அடுத்து 'அல்டிமா எக்ஸ்: ஒடிஸி' என்று 2003-ல் அறிவித்தார்கள். அதையும் 2004 ஜூன் இறுதியில் ரத்து செய்தார்கள். முதல் பாகம் மட்டும் கை மாறி, கம்பெனி மாறி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்து முதல் பாடம்: ஆன்லைன் விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு மிகப் பெரிய போட்டி வேறு கம்பெனியின் விளையாட்டு இல்லை. அதன் சொந்த முதல் பாகம்தான். அங்கே வீடு கட்டி உட்கார்ந்திருப்பவரை எழுப்பி, புது ஊருக்கு வா என்று கூப்பிட வேண்டும். எதைக் காட்டிக் கூப்பிடுவது?

ஆஷரன்ஸ் கால்: ஊரை இடித்துவிட்டுக் கூப்பிட்டால்?

இனி முதலில் சொன்ன ஜோடிக்கு வருவோம். டர்பைன் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆஷரன்ஸ் காலில் இரண்டு விஷயங்கள் தனித்தன்மை உள்ளவை.

ஒன்று, தலைவர்-சீடர் உறவு. புதிதாக வருகிறவர் ஒரு பழைய ஆட்டக்காரரைத் தன் தலைவராக ஏற்றுக்கொள்ளலாம். சீடர் ஆடிச் சேர்க்கும் அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்குக்குச் சமமானது தலைவருக்கும் கிடைக்கும். சீடருக்கு அதனால் நஷ்டம் கிடையாது. ஆகவே பழையவர்கள் புதியவர்களைத் தேடித் தேடிப் போய் உதவினார்கள். அந்தத் தலைவருக்கும் ஒரு தலைவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று ஒரு பெரிய குடும்ப மரமே உருவானது.

இரண்டு, மாதா மாதம் கதை நகரும். 2000-ம் ஆண்டில் ஒரு கதை நடந்தது. பேல்ஸாரன் என்ற கொடியவன் சில படிகக் கற்களின் சக்தியால் சிறைப்பட்டுக் கிடக்கிறான். ஆட்டக்காரர்கள் அந்தக் கற்களை உடைப்பார்கள், அவன் வெளியே வருவான் என்பது டர்பைன் போட்ட கணக்கு. மற்ற சர்வர்களில் உடைத்தார்கள். 'திஸில்டவுன்' என்ற சர்வரில் மட்டும், இதை உடைத்தால் அவன் வந்துவிடுவான் என்று புரிந்துகொண்டு, ஆட்டக்காரர்கள் கடைசிக் கல்லைச் சுற்றி முறை வைத்துக் காவல் நின்றார்கள்! கடைசியில் கம்பெனிக்காரர்களே பலம் பொருந்திய பாத்திரங்களாக உள்ளே புகுந்துதான் அதை உடைக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அந்தக் காவலர்களின் நினைவாக அந்த சர்வரில் ஒரு நினைவுச் சின்னமும் வைத்தார்கள்.

இப்படிப்பட்டவர்களை இரண்டாம் பாகம் எப்படி வரவேற்றது தெரியுமா? அதே டெரெத் உலகம்தான், ஆனால் பேரழிவு நடந்து முடிந்திருக்கிறது. பழைய ஊர்களெல்லாம் இடிபாடு. பாதாளத்தில் ஒளிந்திருந்தவர்கள் வெளியே வருகிறார்கள். பொருள் வாங்க விற்கக் கடைக்காரர்கூடக் கிடையாது. ஆட்டக்காரர்களே உலகத்தை மறுபடி கட்டி எழுப்ப வேண்டும் என்பது யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியீட்டின்போது சாட் வசதி ஒழுங்காக வேலை செய்யவில்லை. பழைய பாத்திரத்தையும் கொண்டுவர முடியாது. யோசித்துப் பாருங்கள்: தெரிந்த ஊர் இல்லை, தெரிந்த ஆளைக் கூப்பிட்டுப் பேச வழி இல்லை, தான் யார் என்பதற்கும் அடையாளம் இல்லை. மூன்றும் ஒரே நாளில் போய்விட்டது. பலர் எட்டிப் பார்த்துவிட்டுப் பழைய ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

எவர்க்வெஸ்ட்: இரண்டு ஊராகப் பிரிந்தது

1999 மார்ச்சில் வந்த 'எவர்க்வெஸ்ட்' அந்தக் காலத்து அமெரிக்காவின் மிகப் பிரபலமான ஆன்லைன் விளையாட்டு. அதன் இரண்டாம் பாகம் 2004 நவம்பரில் வந்தது. இதிலும் உலகம் உடைந்துதான் இருந்தது! கதைப்படி 500 வருடம் கடந்துவிட்டது, லூக்லின் என்ற நிலா வெடித்துச் சிதறி, நாராத் உலகத்தின் நிலப்பரப்பு துண்டு துண்டாகிவிட்டது. பழைய பாத்திரங்களை இங்கேயும் கொண்டுவர முடியாது.

அதே நவம்பர் 23-ம் தேதி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வெளியானது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எவர்க்வெஸ்ட் 2 சாகவில்லை. முதல் பாகமும் சாகவில்லை. இரண்டும் இன்றும் ஓடுகின்றன. காரணம், முதல் பாகத்தின் கதவை அவர்கள் சாத்தவில்லை. ஆனால் ஒரே ஊர் இரண்டு ஊராகப் பிரிந்துவிட்டது. போனவர் பாதி, நின்றவர் பாதி. ஒரு கில்டில் ஐந்து வருடம் சேர்ந்து ஆடியவர்களுக்கு இது சின்ன விஷயமா?

ரூன்ஸ்கேப்: பின்னோக்கிப் போன இரண்டாம் பாகம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேஜெக்ஸ் கம்பெனியின் 'ரூன்ஸ்கேப்' 2001 ஜனவரியில் வந்தது. அப்போது பிரவுசரிலேயே ஆட முடிந்தது, இலவசமாகவும் ஆடலாம். 2004 மார்ச்சில் இதன் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தபோது ஜேஜெக்ஸ் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. அதே அக்கவுண்ட், அதே ஸ்கில் லெவல், அதே ஊர்கள். மாறியது தோற்றமும் சண்டை போடும் முறையும்தான். பழையதுதான் பிடிக்கும் என்றவர்களுக்காக 'ரூன்ஸ்கேப் கிளாசிக்' என்ற பெயரில் முதல் பாகத்தையும் விட்டுவைத்தார்கள். அது 2018 ஆகஸ்ட் 6 வரை ஓடியது. பெரிய சண்டை இல்லாமல் ஊரே குடிபெயர்ந்தது.

சண்டை வந்தது பிற்பாடு. திருட்டு கிரெடிட் கார்டு வைத்துக்கொண்டு விளையாட்டுத் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்கும் கூட்டத்தை ஒழிக்க, 2007 டிசம்பர் வாக்கில் சுதந்திரமான பண்டமாற்றையும், 'வைல்டர்னஸ்' பகுதியில் ஒருவரோடு ஒருவர் மோதும் வசதியையும் நீக்கினார்கள். நோக்கம் சரிதான். ஆனால் ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 2011-ல் வாக்கெடுப்பு நடத்தி இரண்டையும் திரும்பக் கொடுத்தார்கள். 2012 நவம்பரில் சண்டை முறையை மொத்தமாக மாற்றியபோது மறுபடியும் கூட்டம் கலைய ஆரம்பித்தது.

2013 பிப்ரவரியில் ஜேஜெக்ஸ் ஒரு கேள்வி கேட்டது: 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்த ஒரு பழைய பிரதி எங்களிடம் இருக்கிறது, அதைத் திறக்கட்டுமா? கிட்டத்தட்ட நாலரை லட்சம் பேர் திற என்று வாக்களித்தார்கள். அந்த மாதமே 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' திறந்தது. புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு. 75 சதவீதம் பேர் ஆம் என்றால்தான் சேர்ப்பார்கள் (2022-ல் இதை 70 ஆக்கினார்கள்). பிற்பாடு இந்தப் பழைய வடிவத்தில்தான் புதியதைவிட அதிகக் கூட்டம்.

இப்போது ஒரு புதிர்

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஓல்டு ஸ்கூலில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள். பழைய லெவல் இல்லை, பழைய தங்கம் இல்லை. 2019 ஆகஸ்டில் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்'கிலும் அப்படித்தான், எல்லோரும் முதல் லெவல். இருந்தும் சர்வருக்கு வெளியே வரிசை கட்டிக் காத்து நின்றார்கள்.

ஆஷரன்ஸ் கால் 2-லும் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பித்தார்கள். அது தோற்றது. இவை ஜெயித்தன. ஏன்?

ஊர் இருந்தது. அதுதான் வித்தியாசம். எந்தத் தெருவில் வங்கி, எந்தக் காட்டில் என்ன மரம், எந்த மூலையில் கூட்டம் கூடும் என்பதெல்லாம் காலுக்கே தெரிந்திருந்தது. சொத்து போனால் ஆட்டக்காரர்கள் மன்னிக்கிறார்கள். மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம் என்ற தெம்பு இருக்கிறது. ஊர் போனால் மன்னிப்பதில்லை.

அப்படியானால் உலகத்தை இடிக்கவே கூடாதா? அதற்கும் ஒரு பதில் வரலாற்றில் இருக்கிறது. 'ஃபைனல் ஃபேன்டஸி 14' 2010 செப்டம்பரில் வெளியாகி மோசமாகத் தோற்றது. பொறுப்பேற்ற நவோகி யோஷிதா, விளையாட்டை முழுதாக மறுபடி செய்ய முடிவெடுத்தார். பழையதைச் சத்தமில்லாமல் மூடவில்லை. மாதக் கணக்கில் டாலமுட் என்ற சிவப்பு நிலா வானத்தில் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பர் 11-ம் தேதி, சர்வர் நிற்கும் நேரத்தில், ஆட்டக்காரர்கள் கூடி நின்று கடைசிச் சண்டை போட, அந்த நிலாவால் உலகம் அழிந்தது. 2013 ஆகஸ்டில் புது வடிவம் திறந்தபோது அதே பாத்திரங்கள், அதே பெயர்களோடு ஐந்து வருடம் கழிந்த உலகத்தில் கண் விழித்தன. பழையவர்களுக்கு அடையாளமாக ஒரு பச்சை குத்தல் வேறு! இங்கேயும் உலகம் இடிந்ததுதான். ஆனால் இடிந்தபோது அவர்கள் அங்கே இருந்தார்கள், சேர்ந்து தப்பித்தார்கள். ஆஷரன்ஸ் கால் 2-ல் ஆட்டக்காரர்கள் ஊரில் இல்லாத நேரத்தில் ஊர் இடிந்துவிட்டது.

எதிர் உதாரணம் 'ஓவர்வாட்ச் 2'. 2022 அக்டோபர் 3-ம் தேதி முதல் பாகத்தை மூடி, மறுநாள் இரண்டாவதைத் திறந்தார்கள். வாங்கிய உடைகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஆனால் அணிக்கு ஆறு பேர் என்பது ஐந்து பேராகிவிட்டது. பழையபடி ஆட வேண்டும் என்றால் போவதற்கு இடம் இல்லாமல் போனது. இரண்டாம் பாகத்துக்கே காரணமாகச் சொன்ன, கம்ப்யூட்டர் எதிரிகளோடு மோதும் பெரிய பகுதியையும் 2023 மே மாதம் கைவிட்டதாக அறிவித்தார்கள். 2024 டிசம்பரில் ஆறு பேர் ஆட்டத்தைச் சோதனையாகத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார்கள். சொத்து வந்தது, ஊர் வரவில்லை. கோபம் தீரவில்லை.

அப்படியானால் என்ன இருக்க வேண்டும்?

இந்தக் கதைகளிலிருந்து நான் போடும் பட்டியல் இதுதான்:

1. தெரிந்த ஊர். மொத்த உலகமும் வேண்டாம். எல்லோரும் கூடி நின்று அரட்டை அடித்த அந்த ஒரு சதுக்கமாவது அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டும். அதை இடித்தே ஆக வேண்டும் என்றால், ஆட்டக்காரர்கள் கண் முன்னால் இடியுங்கள்.

2. பெயரும் கூட்டமும். வாளையும் தங்கத்தையும் கொண்டுவர வேண்டியதில்லை. பாத்திரத்தின் பெயரும், கில்டும், நண்பர் பட்டியலும் முதல் நாளே வந்துவிட வேண்டும். சாட் முதல் நாளே வேலை செய்ய வேண்டும். புது டிராகன் பிறகு வரட்டும்.

3. புதியவருக்கு ஒரு இடம். பழையவர்களுக்கே எல்லாம் கொடுத்தால் புதிதாக வருகிறவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு 1999-லேயே ஆஷரன்ஸ் கால் விடை சொல்லிவிட்டது. புதியவர் வளர்ந்தால் பழையவருக்கும் லாபம் என்று ஏற்பாடு செய்துவிட்டால், பழையவரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்.

4. ஊர் கூடித் தேர் இழுக்கும் வேலை. திஸில்டவுன் காவல் மாதிரி, தனி ஆளால் முடியாத, டிசைனர் எதிர்பார்க்காத முடிவுக்கும் இடம் தருகிற சம்பவங்கள். ஆட்டக்காரர்கள் கதையை மாற்றினால் கம்பெனி அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

5. வாக்குரிமை. எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதை ஆடுகிறவர்களிடம் கேட்க வேண்டும்.

6. திறந்திருக்கும் பழைய கதவு. சின்னதாக ஒரு சர்வர் போதும். ரூன்ஸ்கேப் கிளாசிக் 14 வருடம் அப்படித்தான் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. குறைந்தபட்சம் ஒரு பிரதியையாவது எடுத்து வைக்க வேண்டும். 2007 ஆகஸ்டில் யாரோ எடுத்து வைத்த அந்த ஒரு பிரதி இல்லையென்றால் ஓல்டு ஸ்கூல் என்ற விளையாட்டே இன்று கிடையாது.

இதெல்லாம் வெறும் விளையாட்டு விஷயம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டுரை என்று சிலர் நினைக்கலாம். ஆறு வருடம் தினமும் மாலையில் ஒரே இடத்தில், ஒரே ஆட்களோடு நேரம் கழித்தால் அதற்கு ஊர் என்றுதான் பெயர். அந்த ஆட்களில் பலரின் நிஜப் பெயர்கூட நமக்குத் தெரியாது. விளையாட்டு மூடப்பட்டால் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேறு முகவரி கிடையாது. இரண்டாம் பாகம் செய்கிறவர்கள் கையில் இருப்பது அதுதான். புது ஊர் கட்டும்போது பழைய ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் மறுபடி கண்டுபிடிக்க வழி வைத்தார்களா இல்லையா? பெரிய மேப்பும் அசத்தல் கிராபிக்ஸும் அதற்குப் பிறகு வரட்டும்.

உங்களுக்குப் பிடித்த விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் வந்தால், அதில் எந்த ஒரு இடம் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள்? யோசித்து வையுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.